கிழக்கு அலமாரிப் பல்லி

அன்று காலை பல்லி பேசவில்லை.

தங்கராசு குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, சான்றிதழ்கள் இருந்த பிளாஸ்டிக் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசற்படிக்கு உள்ளே நின்றார். செருப்புகள் படிக்கு வெளியே கிடந்தன. தினமும் வேலைக்குக் கிளம்பும்போது இப்படித்தான் நிற்பார். அதிக நேரம் ஆகாது. கிழக்குச் சுவரில் இருக்கும் பிளைவுட் அலமாரியின் பின்பக்கத்திலிருந்து பல்லி ஒரு தடவை ‘டக்’ என்று சொல்லும். அவர் மனைவி வள்ளியம்மாள் சுவரை விரலால் மூன்று முறை தட்டி, முருகா என்பாள். அவர் படி இறங்குவார்.

அன்று அவர் வேலைக்குப் போகவில்லை. வேலையை நிரந்தரமாக்கிக்கொள்ளப் போகிறார். வெண்மதி பிறப்பதற்கு முன்பிருந்தே அவர் நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடக்கும் கரியை வாரிப்போடுவது அவருடைய வேலை. பெர்மனென்ட் ஆகிறவர்களின் வரிசையில் இந்த முறை அவர் பெயரும் இருந்தது. பத்து மணிக்கு டவுன்ஷிப்பில் சான்றிதழ் பார்க்கிறார்கள். பெயர் கூப்பிடும்போது இல்லாதவர்கள் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். அடுத்த முறை எப்போது என்று யாருக்கும் தெரியாது. தங்கராசுவுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த முறை என்றால் அவர் மட்டில் இனி இல்லை என்றுதான் பொருள்.

வள்ளியம்மாள் அடுப்பங்கரை வாசலில் நின்று அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் சாதக் கரண்டி இருந்தது. அதிலிருந்து கஞ்சி சொட்டி அவள் காலில் விழுந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

“இன்னும் கொஞ்சம் நில்லுங்க,” என்றாள்.

அவர் நின்றார்.

அந்த வீட்டில் பல்லி பேச ஆரம்பித்து இரண்டு வருஷம் இருக்கும். அதற்கு முன்பும் டியூப்லைட்டின் பின்னால் இரண்டு மூன்று பல்லிகள் திரிந்தன, எல்லா வீட்டையும் போல. ஆனால் இது வேறு பல்லி. கண்ணில் படாது. கிழக்கிலிருந்து மட்டும்தான் பேசும். அதுவும் எப்போதாவது அல்ல, வீடு அடங்கிக் கிடக்கும் நேரமெல்லாம் பேசும். கிழக்குப் பல்லி நல்லது சொல்லும் என்று வள்ளியம்மாள் நம்பினாள். முதலில் தங்கராசு கேலி செய்தார். தொழிற்சங்கக் கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார்ந்து, மகளுக்கு நல்ல தமிழில் பெயர் வைத்த மனிதர் அவர். இன்னா, மேனேஜர் கையெழுத்து போட்டுட்டாரா, நான் கெளம்பலாமா என்று படியில் நின்று கேட்பார். வள்ளியம்மாள் முறைப்பாள்.

போன மழைக்காலத்தோடு அந்தக் கேலி நின்றது.

அன்றைக்கும் இப்படித்தான் பல்லி பேசவில்லை. வெளியே மழை. ஆட்களை ஏற்றிப்போகும் வாடகை வேன் தெருமுனையில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. வள்ளியம்மாள் படியில் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள். பெரிய சண்டை நடந்தது. வேன் போய்விட்டது. டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் எப்போதும் தங்கராசுதான் உட்காருவார். அன்று அந்த இடத்தில் அடுத்த தெரு செங்குட்டுவன் உட்கார்ந்தான். மதகுக்குப் பக்கத்தில் வேன் சறுக்கி, நின்றிருந்த லாரியின் பின்னால் போய்ச் செருகியது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. செங்குட்டுவனின் வலது காலில் இப்போது இரும்புக் கம்பி இருக்கிறது. அவன் சுரங்கத்துக்குப் போவதில்லை. சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கிழிக்கிறான்.

அதற்குப் பிறகு தங்கராசு ஒரு நாளும் கேலி செய்யவில்லை. படிக்கு உள்ளே நின்று, தலையைச் சற்றே சாய்த்து, காது கொடுத்தார்.

இப்போதும் காது கொடுத்து நின்றார். டியூப்லைட் பல்லி ஒன்று ஏதோ முணுமுணுத்தது. வள்ளியம்மாள் தலையை ஆட்டினாள். அது இல்லை.

வெண்மதி தலைமுடியை வாரிக்கொண்டே உள்ளறையிலிருந்து வந்தாள். கம்ப்யூட்டர் படிப்பில் கடைசி வருஷம். அன்று கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு அப்பாவோடு டவுன்ஷிப்வரை போவதாக இருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொன்னாள். அம்மா அலமாரியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வெண்மதி அப்பாவைப் பார்த்தாள். வியர்வையில் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

“ஏங்க, இன்னிக்கி போவாதீங்க,” என்றாள் வள்ளியம்மாள். குரலில் சண்டையே இல்லை. அதுதான் வெண்மதியைப் பயமுறுத்தியது. “ராத்திரியிலேர்ந்து அது பேசலங்க. சாயங்காலம் வெளக்கேத்துனன் பாருங்க, அதுக்கு அப்பால ஒரு வாட்டிகூட பேசல. நான் தூங்கவே இல்ல.”

“பெர்மனென்ட்டும்மா,” என்றார் தங்கராசு. கெஞ்சுவது போல இருந்தது.

“உசுரு இருந்தா கான்ட்ராக்ட்லயே கஞ்சி குடிக்கலாம்.”

நேற்றுச் சாயங்காலம், விளக்கேற்றிய பிறகு.

வெண்மதியின் கையில் சீப்பு அப்படியே நின்றது. நேற்று செய்த ஒரு வேலை மெல்ல நினைவுக்கு வந்தது. கிணற்றில் போட்ட வாளி இழுக்காமலே மேலே வருவது போல. அவள் அலமாரியைப் பார்த்தாள். அதன் மேல்தட்டில் அவளுடைய லேப்டாப் இருந்தது. தூசி படாமல் இருக்க அம்மா போர்த்திய தேங்காய்ப்பூத் துண்டு அதன் மேல் கிடந்தது.

சென்னையில் மாமன் மகன் ஒருவன் பயன்படுத்திக் கழித்த லேப்டாப் அது. வேகம் போதவில்லை என்று கல்லூரி சீனியர் ஒருத்தி அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தாள். அது வந்த சமயம் கரன்ட் அடிக்கடி போகிற காலம். அவர்கள் வீடு இருந்த வடக்குத்துப் பக்கம் மணிக்கணக்கில் இருட்டு. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் டவுன்ஷிப் பிளாக்குகளில் மாடிப்படி விளக்குகூட எரிந்துகொண்டிருக்கும். அப்பா வாரிப்போட்ட கரியில் எரிகிற விளக்கு என்று வெண்மதி அப்போது நினைத்திருக்கிறாள். பேட்டரி ஒரு மணிநேரம்கூடத் தாங்கவில்லை. எதையெல்லாம் குறைத்தால் பேட்டரி நிற்கும் என்று இணையத்தில் தேடினாள். திரை வெளிச்சத்தைக் குறைக்கச் சொன்னார்கள், குறைத்தாள். ஹார்ட் டிஸ்க்கின் மின்சிக்கனத்தை ஏற்றச் சொன்னார்கள். அதற்கு ஓர் எண் உண்டு. எண் பெரிதாக இருந்தால் டிஸ்க் எப்போதும் விழித்திருக்கும். சிறிதாக இருந்தால் கொஞ்சம் சும்மா இருந்தாலும் ஓய்வெடுக்கப் போய்விடும். இருப்பதிலேயே சின்ன எண்ணான ஒன்றை வைத்தாள். ஒவ்வொரு தடவை மெஷினைப் போடும்போதும் அதுவாகவே அந்த எண் ஏறிக்கொள்ளும்படி ஒரு வரி எழுதினாள். எழுதிவிட்டு மறந்துபோனாள். கரன்ட் தட்டுப்பாடு குறைந்தது. வரி மட்டும் இருந்துவிட்டது.

நேற்றுச் சாயங்காலம் அப்பாவின் சான்றிதழ்களை ஸ்கேன் செய்து, பென் டிரைவில் ஏற்றிக்கொண்டிருந்தாள். சின்னக் கோப்புகள்தான். ஆனாலும் டிஸ்க் திணறியது. என்ன கோளாறு என்று பார்க்க, டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ஒரு நிரலை ஓட்டினாள். அதில் ஒரு வரி சிவப்பாக இருந்தது. உள்ளே சுழலும் தட்டுக்கு மேலே முள் ஒன்று மிதந்துகொண்டிருக்கும். எழுதுவதும் படிப்பதும் அதுதான். வேலை இல்லாதபோது அது ஓரத்தில் இருக்கும் ஒரு மேட்டில் ஏறிப் படுத்துக்கொள்ளும். வேலை வந்தால் இறங்கும். அப்படி எத்தனை தடவை படுத்து எழுந்திருக்கிறது என்பதுதான் அந்த வரி. மூன்று லட்சம் தடவை தாங்கும் என்று செய்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வெண்மதியினுடையது ஏழு லட்சத்தைத் தாண்டியிருந்தது.

அவள் எண்ணில் தவறு இருக்கும் என்று நினைத்து மறுபடி ஓட்டினாள். அதற்குள் இன்னும் சில கூடியிருந்தன. அவள் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்கூட அது படுத்து எழுந்திருக்கிறது. லினக்ஸ் அடிக்கடி ஏதாவது ஒரு சின்னக் குறிப்பை டிஸ்க்கில் எழுதும். முள் அப்போதுதான் படுத்திருக்கும். எழுப்பும். எழுதி முடித்ததும் படுக்கும். மறுபடி எழுப்பும். இரண்டு வருஷமாக அதைத் தூங்கவும் விடாமல் விழித்திருக்கவும் விடாமல் வைத்திருந்தது தான் எழுதிய ஒரு வரி என்று தெரிந்தபோது அவளுக்கு உடம்பு கூசியது. உடனே அந்த வரியை அழித்தாள். எண்ணைப் பெரிதாக்கினாள். இனி அது ஓரத்துக்குப் போகாது. அம்மா அப்போது விளக்கேற்றிக்கொண்டிருந்தாள்.

முள் மேட்டில் ஏறும்போது ஒரு சத்தம் வரும் என்று அந்த இணையப் பக்கத்தில் எழுதியிருந்தார்கள். அவள் அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை என்று நினைத்துக்கொண்டாள். அவள் லேப்டாப்பில் உட்கார்ந்திருக்கும்போது டிஸ்க்குக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும், காதில் இயர்போன் வேறு. அவள் எழுந்து போன பிறகுதான் அது ஓயாமல் படுத்து எழுந்திருக்கும். மெஷினை மறுபடி போட நெடுநேரம் ஆகும் என்பதால் அவள் அதை அணைப்பதே இல்லை. திறந்தபடி அலமாரியில் வைத்துவிட்டுப் போவாள். உள்ளே காலியான பிளைவுட் அலமாரி. கிழக்குச் சுவர்.

சீப்பு அவள் கையிலிருந்து விழுந்தது.

“அம்மா,” என்றாள். “அது பல்லி இல்லம்மா.”

வள்ளியம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை.

வெண்மதி சொன்னாள். ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. முள் என்றாள், தட்டு என்றாள், கரன்ட் மிச்சம் என்றாள். முதலில் சொல்ல வேண்டியதைக் கடைசியில் சொன்னாள். தங்கராசு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வள்ளியம்மாள் பாதியிலேயே கையை நீட்டித் தடுத்தாள். அப்பாவை அனுப்புவதற்காகப் பொய் சொல்லாதே, பல்லி மேல் பொய் சொன்னால் நல்லதில்லை என்றாள்.

“நான் பேச வெக்கிறன்,” என்றாள் வெண்மதி. “பாக்கறியா?”

துண்டை விலக்கினாள். திரை எரிந்தது. கட்டளை அடிக்கும் கறுப்புப் பெட்டியில் ஒரே ஒரு வரியை அடித்தாள். பழைய எண், ஒன்று. பிறகு கையை எடுத்துவிட்டு இரண்டடி பின்னால் வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றாள். தங்கராசுவும் வாசலை விட்டு வந்தார். மூன்று பேரும் அலமாரியின் முன்னால் சாமி கும்பிடுகிறவர்கள் போல வரிசையாக நின்றார்கள். தெருவில் பஸ் போகிற சத்தம் கேட்டது. அவர்கள் ஏற வேண்டிய பஸ்.

டக்.

வள்ளியம்மாளின் வலது கை தானாகவே எழுந்து சுவரை நோக்கிப் போனது. விரல் மடங்கியது. சுவரைத் தொட ஒரு விரற்கடை இருக்கும்போது கை நின்றுவிட்டது. உதடு ‘மு’ என்று குவிந்தது. சத்தம் வரவில்லை. அவள் அப்படியே நின்றாள்.

சற்றுப் பொறுத்து மறுபடி, டக்.

இப்போது அது பல்லி போல இல்லை. அவ்வளவு நாள் அதை எப்படிப் பல்லி என்று நினைத்தோம் என்று வெண்மதிக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு சின்ன இரும்புத்துண்டு இன்னொரு சின்ன இரும்புத்துண்டின் மேல் ஏறுகிற சத்தம், அவ்வளவுதான்.

வள்ளியம்மாள் கையைக் கீழே இறக்கினாள். அதை வேறொருவருடைய கை போல முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

“அப்ப அன்னிக்கி? மழ அன்னிக்கி ஏன் பேசல?”

வெண்மதிக்கு அதுவரை அந்த நாள் நினைவுக்கு வரவில்லை. இப்போது வந்தது. பதில் அவள் வாயில் தயாராக இருந்தது. சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அம்மாவின் முகத்தில் கேள்வி இன்னும் இருந்தது.

“அன்னிக்கி லேப்டாப் இங்க இல்லம்மா. கீபோர்டு மாத்த பண்ருட்டி கடையில குடுத்திருந்தன். ரெண்டு நாளு.”

அலமாரி மட்டும் பேசியது.

தங்கராசு வாசற்படிக்குப் போய் உட்கார்ந்தார். பை மடியிலிருந்து வழுகித் தரையில் விழுந்தது. எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் செங்குட்டுவனைப் பார்க்கப் போன நாளைச் சொன்னார். அவனுடைய சீட்டில் தான் இருந்திருக்க வேண்டியது என்று அவனிடம் மறைக்க அவருக்கு மனம் வரவில்லை. அதனால் பல்லி பேசாததையும் வள்ளியம்மாள் மறித்ததையும் அவனிடம் சொல்லியிருக்கிறார். அவன் கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எங்க வூட்லயும் ஒரு பல்லி இருந்திருக்கணும்ண்ணே என்று சிரித்தானாம்.

“தெய்வம் தடுத்துச்சின்னு அவன்கிட்ட சொல்லிட்டு வந்தன் புள்ள,” என்றார். “அவன் காலைப் பாத்துக்கினே சொன்னன். எனக்குத் தெய்வம், அவனுக்குக் கம்பி. பண்ருட்டியில கீபோர்டு மாத்துனாங்கன்னு இப்ப சொல்ற.”

வெண்மதி பையை எடுத்து அவர் மடியில் வைத்தாள். அவர் பார்க்கவில்லை. ஷேர் ஆட்டோ பிடித்தால்கூட இன்னும் போய்விடலாம் என்றாள். அவர் கேட்டதாகவே தெரியவில்லை. கண் தெருவில் இருந்தது. காலையில் போக வேண்டும் என்று நின்றவர் அவர், தடுத்தவள் அம்மா. இப்போது தடுக்க யாரும் இல்லை. அவரால் எழுந்திருக்க முடியவில்லை.

வள்ளியம்மாள் அலமாரியிடமிருந்து திரும்பினாள். வெண்மதி அவள் அழுவாள் என்று நினைத்தாள். அவள் அழவில்லை. அடுப்பங்கரைக்குப் போய் கரண்டியை வைத்துவிட்டு, கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். கணவனின் தோளுக்கடியில் கையைக் கொடுத்துத் தூக்கினாள்.

“எந்திரிங்க. நேரமாவுது.”

“ராஜா மாதிரி இருக்கிற புள்ளடி செங்குட்டுவன்.”

“தெரியும். எந்திரிங்க. போய் உங்க பேரைக் கூப்புடறப்ப இருக்கேன்னு சொல்லுங்க. அத அவனா வந்து சொல்லுவான்? நீங்கதான் சொல்லணும்.”

அவர் எழுந்தார். படியில் ஒரு நொடி தயங்கினார். பின்னால் டக் என்றது. வள்ளியம்மாள் அவர் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். வெண்மதியும் வருவதாகச் சொன்னபோது வேண்டாம் என்றுவிட்டார். மெயின் ரோடுவரை வள்ளியம்மாள்தான் கூடப் போனாள், செருப்புகூடப் போடாமல். டவுன்ஷிப் வாசலான நெய்வேலி ஆர்ச் போகிற ஆட்டோவில் ஏற்கெனவே ஆறு பேர். அவரைத் திணித்து ஏற்றிவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரிக்கு நேரே தரையில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு டக்குக்கும் அவள் இமை துடித்தது. வெகுநேரம் அப்படி இருந்தாள். வெண்மதி அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

“இது இப்படியே அடிச்சிக்கினு இருந்தா இன்னா ஆவும்?”

“தேஞ்சி ஒரு நாளு நின்னுடும். உள்ள இருக்கறதெல்லாம் பூடும்.”

“ஏற்கெனவே தேஞ்சிதான் கெடக்குதா?”

“ரொம்ப.”

வள்ளியம்மாள் யோசித்தாள். “எவ்ளோ பேசியிருக்குது,” என்றாள், தனக்குள். “நான் கேக்கக் கேக்க தேஞ்சிருக்குது.” பிறகு, “நிறுத்திடு,” என்றாள்.

வெண்மதி பெரிய எண்ணை அடித்தாள். வீடு அடங்கியது. அந்த அமைதி இருவருக்கும் புதிதாக இருந்தது, யாரோ பொருள்களை எல்லாம் எடுத்துக்கொண்டு வீட்டைக் காலி செய்துவிட்டதைப் போல.

மதியத்துக்குப் பிறகு தங்கராசு போன் செய்தார். அவர் போய்ச் சேர்வதற்குள் பாதிப் பேரைக் கூப்பிட்டுவிட்டார்களாம், அவர் பெயர் அப்போதுதான் வந்ததாம். சான்றிதழ் எல்லாம் சரி. அடுத்த வாரம் மெடிக்கல். அது முடிந்தால் பெர்மனென்ட். ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அவர் நிறுத்திக்கொண்டார். வள்ளியம்மாள் போனைக் காதில் வைத்தபடி எழுந்து நின்றாள். யாருக்கோ நன்றி சொல்லத் திரும்பியவள் போல அறையைச் சுற்றிப் பார்த்தாள். அவள் கண் எங்கேயும் நிற்கவில்லை. சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை ஷிப்ட். தங்கராசு சாப்பாட்டுப் பையோடு படிக்கு உள்ளே வந்து நின்றார். நின்ற பிறகுதான் எதற்கு நிற்கிறோம் என்று தெரியாமல் விழித்தார். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இரண்டு வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் அவரை வழியனுப்பியதில்லை. அதைச் செய்ய வேறொன்று இருந்தது. வேன் ஹாரன் அடித்தது.

“போய்ட்டு வாங்க,” என்றாள் வள்ளியம்மாள். அவள் குரல் அவளுக்கே பழக்கமில்லாதது போல உடைந்து வந்தது.

அவர் போனார். அவள் உள்ளே வரவில்லை. துணி துவைக்கவில்லை, சீரியல் பார்க்கவில்லை. வெண்மதி கல்லூரிக்குப் போகும்போது வாசலில் இருந்தாள், திரும்பி வரும்போதும் அதே இடத்தில் இருந்தாள். தெருமுனையில் எந்த வண்டி திரும்பினாலும் அவள் கழுத்து நீண்டது. வெண்மதி பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தாள். உள்ளங்கை ஈரமாக இருந்தது.

“அப்பா தெனமும்தானே போறாரு,” என்றாள் வெண்மதி.

“ரெண்டு வருசமா நான் பயப்படவே இல்ல மதி,” என்றாள் வள்ளியம்மாள். தன்னைப் பற்றி ஏதோ அதிர்ச்சியான செய்தி கேட்டவளைப் போல அவள் முகம் வெளுத்திருந்தது. “ஒரு நாளுகூட பயப்படல. அவரு பள்ளத்துல எறங்கி வேல செய்யறாருன்னுகூட எனக்கு ஞாபகம் இல்ல.”

வேன் வந்தது. முன்சீட்டிலிருந்து அல்லாமல் பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு, முகமெல்லாம் கரியோடு, தங்கராசு நான்காவது ஆளாக இறங்கினார். வள்ளியம்மாள் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள், இரண்டு கால்களையும் தனித்தனியாகப் பார்த்தாள். பிறகு எழுந்து, உட்கார்ந்து உட்கார்ந்து மரத்துப்போன காலை உதறிக்கொண்டு, தண்ணீர் காய வைக்க உள்ளே போனாள்.